அந்தோணிமேரி அழிக்கச் சொன்ன கடிதம்

அந்தோணிமேரியம்மாவை அடக்கம் செய்து இருபத்தாறாவது நாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு, "நான் நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே" என்று அவர் எழுதிய கடிதம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அச்சாகி வெளியே வந்தது.

வந்தது நிஷாத்தின் கடையிலிருந்து. என் இட்லிக் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். நிஷாத் கோட்டக்குப்பத்துக்காரன். துபாயில் ஆறு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவன். ஊர் திரும்புகிறவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு கம்ப்யூட்டரைச் சுமந்துவந்து, 'வெளிநாட்டுக் கடிதங்கள் தமிழில் அச்சடித்துத் தரப்படும்' என்று போர்டு மாட்டினான். மூன்று வருஷமாக குவைத்திலும் சவுதியிலும் இருக்கிற ஆண்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் சொன்ன வார்த்தைகளெல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் போயின.

அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதவைக்கிற புரோகிராமை அவனோடு துபாயில் ஒரே அறையில் இருந்த சிவப்பிரகாசம் என்பவர் எழுதினாராம். புரோகிராமை மட்டும் கொடுக்கவில்லை; அதை எப்படிச் செய்தார் என்கிற வரிகளையும் சேர்த்து ஃப்ளாப்பியில் போட்டு, "படிச்சுப் பாரு, தப்பு இருந்தா திருத்து, கேக்கறவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடு" என்று சொல்லிக் கொடுத்தாராம். என் சாம்பாரில் என்ன போடுகிறேன் என்று கூடப்பிறந்தவளுக்கே நான் சொன்னதில்லை. இப்படியும் ஒரு மனுஷர்.

அந்தக் கடைக்கு இரண்டு வழக்கம் உண்டு. முதலாவது, கடிதம் சொல்ல வருகிறவர்கள் கத்துவார்கள். குவைத் தூரம் அல்லவா, மெதுவாகச் சொன்னால் எப்படிப் போய்ச் சேரும்? எதிரில் உட்கார்ந்து தட்டுகிற நிஷாத்துக்குக் காது வலிக்கும். "மெஷினுக்குக் கேக்குதுங்கம்மா" என்று அவன் எத்தனை முறை சொல்லியும் யாரும் தொண்டையைத் தாழ்த்தியதில்லை. இரண்டாவது, அச்சடித்த தாளை வாங்கி மடித்துக்கொண்டதும், மெஷினுக்குள் இருப்பதை அவர்கள் கண்முன்னால் அழிக்கவேண்டும். மெஹரூன்னிசா இருக்கிறாளே, திரை காலியானதும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்தரங்கம் பத்திரமாகிவிட்டது என்று நிம்மதியாகப் போவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மாவு கரைத்துக்கொண்டிருப்பேன். காதைப் பொத்திக்கொண்டா மாவு கரைக்க முடியும்?

உப்புக்காற்று எங்கள் ஊரில் பூட்டையே தின்றுவிடும், ஃப்ளாப்பி எம்மாத்திரம். நிஷாத் அவற்றை அரிசி போட்ட பால் பவுடர் டப்பாவுக்குள் வைத்துப் பிள்ளை மாதிரி காத்தான். அப்படியும் அந்த மே மாதத்தில், கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது, கடிதங்கள் எழுதுகிற ஃப்ளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று மெஷின் கைவிரித்துவிட்டது. சிவப்பிரகாசம் கொடுத்திருந்த இன்னொரு ஃப்ளாப்பியில் பழுது பார்க்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டான். அது உள்ளே போய்த் துழாவி, பெயர் இல்லாமல் கிடந்த துண்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஆளுக்கொரு நம்பர் போட்டு நிறுத்தியது. நாற்பத்து மூன்று துண்டுகள். இதென்ன என்று முதல் துண்டை அவன் அச்சடிக்கவிட்டான்.

பிரிண்டர் கிறீச்சிட்டு நின்ற பிறகு தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தேன். தாளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அழிச்சேன்க்கா. அவங்க பாக்கும்போதுதான் அழிச்சேன்."

தாளை வாங்கிப் படித்தேன். போன வருஷக் கடிதம். அந்தோணிமேரியம்மா நன்றாக இருக்கிறார். கால் வலி தேவலாம். நிமிர்ந்தேன். வெளியே உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்தியது, ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. என் கையிலிருந்த தாள் ஃபேன் காற்றில் துடித்தது. 

"அழிச்சா எப்படிப்பா வரும்?"

"அழிக்கறதுன்னா பேரை மட்டும்தான் அடிக்குதுக்கா. எழுதினது அங்கயேதான் கெடக்கும். அது மேல வேற ஒண்ணு எழுதற வரைக்கும் போவாது. எனக்கே இன்னிக்கித்தான் தெரியுது."

"அப்ப கதவுல பேரை அழிச்சிட்டு, ஆளு உள்ளயே குந்தினு இருக்கறாப்பல?"

"அதேதான்."

நான் இதை நான்கே பேரிடம்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் மெஹரூன்னிசா வந்து நின்றாள்.

"தம்பி, என்னோடதும் உள்ள இருக்குதா?"

"இருக்கும்ங்க."

"யாரு படிச்சது?"

"யாரும் படிக்கலைங்க. ஒண்ணே ஒண்ணுதான் தெரியாம அடிச்சிட்டேன்."

"யா அல்லா! இந்தம்மாவைப் பக்கத்துல வச்சுக்கினு யாரும் படிக்கலன்றியே" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடியறதுக்குள்ள எல்லாத்தையும் ஒழிச்சிடு. இல்லன்னா நான் சவுதியில இருக்கற என் வீட்டுக்காரருக்குச் சொல்லிடுவேன்." எதை வைத்துச் சொல்வாள், அதற்கும் இவன்தானே தட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நேரம் சரியில்லை.

மறுநாள், புதன்கிழமை, ஆல்பர்ட் குவைத்திலிருந்து வந்து இறங்கினான். அந்தோணிமேரியம்மாவின் ஒரே மகன். அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியாமல், முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தான். அதற்கு முந்தின வருஷம் அவன் அப்பா ஏசுராஜ் போனபோதும் அவன் வரவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைத்துக்கொண்டார் என்று அவன் எழுதினான். மனசு வைத்திருந்தால் வந்திருக்கலாம் என்று ஊர் சொன்னது. ஊர் என்றால் நானும்தான்.

அவன் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியோடு நிஷாத் கடையில் வந்து நின்றான்.

"எங்கம்மா ஒரு கடுதாசி எழுதிட்டு, அனுப்பாம அழிக்கச் சொன்னாங்களாமே. அது எனக்கு வேணும்."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

யார் சொல்லியிருப்பார்கள்? பஸ்ஸிலிருந்து இறங்கியவனுக்குத் தண்ணீர் கொடுத்தபோது வாய் தவறிவிட்டது. ஆனால் அதில் என்ன இருந்தது என்று அவன் கேட்டபோது மட்டும், காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். விழுந்திருந்தது. ஒரு வார்த்தை விடாமல் விழுந்திருந்தது. ஆனால் அம்மாவுக்குப் பூசை வைக்க வந்தவன் கையில் கொடுக்கிற வாசகம் இல்லை அது.

"அவங்க வேணாம்னாங்க" என்றான் நிஷாத். "நான் வார்த்தை குடுத்திருக்கேன். செத்துட்டாங்கன்னு மாத்த முடியாது."

ஆல்பர்ட் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா போனதுக்கு அப்புறம் பதினாலு கடுதாசி வந்துச்சுங்க. பதினாலுலயும் கருவாடு காஞ்சுது, மழை பேஞ்சுது, உப்பு கரைஞ்சுது. ஏன்டா வரலன்னு ஒரு கேள்வி இல்ல. திட்டி ஒரு வரி இல்ல. எங்கம்மா என்னைப் பத்தி என்ன நெனச்சுக்கினு செத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். வேற எங்க போய்க் கேப்பேன்?"

எண்ணெய் காணாத தலையோடு அவன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் மனமிரங்கியது மெஹரூன்னிசாதான். எல்லாம் ஒழிந்ததா என்று பார்க்க வந்தவளே வழிவிட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு அவங்கம்மாதைக் காட்டு, தம்பி. பெத்தவ ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா எங்களோடது ஒண்ணையும் தொறக்கக் கூடாது. நான் இங்கயேதான் நிப்பேன்."

சொல்வது சுலபம். நாற்பத்து மூன்று துண்டுக்கும் பெயர் கிடையாது. படிக்காமல் எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிஷாத் சிவப்பிரகாசத்தின் வரிகளைத் திறந்துவைத்துக்கொண்டான். ஆல்பர்ட் என்ற பெயர் இருக்கிற துண்டை மட்டும் மெஷினே தேடி எடுக்கட்டும், மற்றதைத் திரைக்கே கொண்டுவர வேண்டாம் என்று சில வரிகளைப் புதிதாகச் சேர்த்தான். பூட்டிய டப்பாவாக வந்த புரோகிராமாக இருந்திருந்தால் இதெல்லாம் நடக்காது என்றான். வியாழக்கிழமை மத்தியானம் வரை ஆயிற்று.

மூன்று துண்டுகள் வந்தன. முதல் இரண்டும் அனுப்பிய கடிதங்கள். ஆல்பர்ட் பார்த்த உடனே இது இல்லை என்று தலையை அசைத்துவிட்டான். மூன்றாவதை நிஷாத் திறந்தான். பச்சை எழுத்தில் வந்தது இதுதான்:

"ஆல்பர்ட்டு, உங்கப்பா கடைசி மூணு நாளும் வாசலையே பாத்துக்கினு இருந்தார். பஸ்ஸு ஆரன் கேட்டா தலையத் தூக்குவார். நீ வரல. நான் இத யார்கிட்டயும் சொல்லல. உன் மேல எனக்கு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குது, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நெத்தில வெள்ளை, உங்க உம்மா பாத்துட்டு"

நிஷாத் சட்டென்று திரையை அணைத்தான்.

"அது என்னோட ஆடு" என்றாள் மெஹரூன்னிசா, ரொம்ப மெதுவாக. ஒருவரும் சிரிக்கவில்லை. செத்தவர் பேசிக்கொண்டே இருக்கும்போது உயிரோடிருப்பவள் அவர் வாய் வழியாகப் பேசினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

"அந்த எடத்துல இவங்க கடுதாசி ஏறிடுச்சு" என்றான் நிஷாத். "அடியில இருந்தது போயிடுச்சுங்க. இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

"உன் மேல எனக்கு" என்று ஆல்பர்ட் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வெளியே போனான்.

நிஷாத் அன்றைக்கே ஃப்ளாப்பி முழுவதும் ஒன்றுமில்லாததை எழுதி நிரப்பினான். இனி எந்தக் கடிதத்தை அழித்தாலும் அதன் மேல் முதலில் கோடு கோடாக எழுதிவிட்டுப் பிறகுதான் பெயரை அடிக்கும்படி புரோகிராமையும் திருத்தினான். திருத்தத்தைக் காப்பி போட்டு, வைத்திருக்கிற எல்லோருக்கும் கொடுங்கள் என்று துபாய்க்குத் தபாலில் அனுப்பினான். ஆக, எல்லா இடத்திலும் அழிந்துவிட்டது, என் காதைத் தவிர.

சனிக்கிழமை பூசை முடிந்து, வெயில் உச்சியில் ஏறிய நேரத்தில், ஆல்பர்ட் என் கடைக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். இட்லி கேட்கவில்லை.

"அக்கா, நீங்க கேட்டிருப்பீங்க."

"ஏம்பா, என்னை என்னன்னு நெனச்சுக்கினே?"

"ஊருக்கே தெரியும்க்கா."

கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். வரவில்லை. இந்த நாக்கு எதற்கெல்லாமோ புரண்டிருக்கிறது; இதற்குப் புரள மாட்டேன் என்று மூன்று நாளாக அடம்பிடித்தது. நல்லதாக ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். அவன் கண்ணைப் பார்த்தால் அதுவும் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"உன் மேல எனக்கு இருக்கற கோவம் நான் மண்ணுக்குப் போனாலும் தீராதுன்னு சொன்னாங்கப்பா. அப்புறம் பேச்சே இல்ல. அப்புறம்மான்னு நிஷாத் கேட்டான். அழிச்சிடுப்பா, கருவாடு குடுத்து அனுப்பறேன்னு போடுன்னாங்க."

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கோவம்தானா?"

"அது போதாதா?"

"இல்லக்கா. என்னைத் தலைமுழுகிட்டாங்கன்னு நெனச்சேன். வெளியாளுக்கு எழுதறாப்பல எழுதினாங்களே. கோவமாத்தான் இருந்தாங்களா?" கொஞ்சம் பொறுத்து, "அவங்க சொன்னாப்பலயே இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

அவர் மாதிரியே குவைத்துக்குக் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தடவை என்றான். சொல்ல ஆரம்பித்தபோது என் தொண்டையில் ஒரு கரகரப்பு ஏறியது. எனக்கு அப்படி ஏறுவதில்லை; அந்தோணிமேரியம்மாவுக்குத்தான் ஏறும்.

"உன் மேல எனக்கு இருக்கற கோவம் நான் மண்ணுக்குப் போனாலும் தீராதுடா. தலையப் பாரு, எண்ணெ வச்சு எத்தினி நாளாச்சு. லீவு எத்தினி நாளு குடுத்திருக்கான்?"

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு இந்த வார்த்தைகள் இல்லை. இப்போது சொல்லவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. கூட்டிச் சொல்கிறவள்தான் நான், ஒப்புக்கொள்கிறேன். இதைக் கூட்டியது நான் இல்லை.

ஆல்பர்ட் கண்ணைத் திறக்காமலே தலையைத் தடவிக்கொண்டான்.

"இன்னும் ஒம்போது நாளு இருக்குதும்மா" என்றான்.

அவன் எழுந்து உப்பளத்துப் பக்கம் நடந்து போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் பேசுவார்களோ.