ரெக்ஸ் சார்பில் மன்னிப்பு

வர்த்தக சங்கத்தில் சேர்ந்தால் என்னென்ன லாபம் என்று கார்த் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் ஷூ போட்டுப் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வழவழப்பான தாளைத் தொடையில் விரித்து வைத்திருந்தான். எங்கள் ஊரான யரம்பிலில் வீடு, நிலம் எது விற்றாலும் தரகு அவனுக்குத்தான். அந்த வருஷம் சங்கத் தலைவரும் அவனே. போட்டிக்கு ஆள் இல்லாததால் தலைவரானவன்.

"இன்ஷூரன்ஸ் எல்லாரும் சேர்ந்து போடுறோம் வெர்னா, அதுல நல்லாக் குறையும். விளம்பரம் மொத்தமாக் குடுக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு மெயின் ரோட்டை மூடிட்டு ஒரு விழா. மாசாமாசம் காலைச் சாப்பாட்டோட கூட்டம். நாலு பேரைப் பாக்கலாம், பேசலாம்."

"இந்த ஊர்ல இருக்கிறதே நாலு பேருதான் கார்த். அவங்க மூஞ்சியத்தான் தினம் பாக்குறேனே."

சிரித்தான். உடனே, சிரித்தது தப்போ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். புருஷன் போனவளிடம் எப்படிப் பேசுவது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பேக்கரி டினா என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். மற்றவர்கள் துக்க வீட்டுக்கென்று சுட்ட இறைச்சி அடையை வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் திருட்டுப் பூனை போல நழுவினார்கள். ஃப்ரீசரில் இன்னும் நாலைந்து கிடக்கின்றன.

"உறுப்பினர் பதிவு இன்னும் ரெக்ஸ் பேர்லதான் இருக்கு. உங்க பேருக்கு மாத்திக்கலாம். இல்ல, கடையை விக்கிறதா இருந்தா..."

"இருந்தா?"

"அதையும் எங்கிட்டயே சொல்லலாம்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்திருக்கிறான். வேறு நாளாயிருந்தால் அந்தத் தாளைச் சுருட்டி அவன் கையில் கொடுத்து வெளியே அனுப்பியிருப்பேன். வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அதுதான் எனக்கு வந்திருந்த நோய். ஈஸ்டருக்கு முந்தின வாரம், கடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில், ரப்பர் பூட்ஸ் அட்டைப்பெட்டியைத் தூக்கப்போன ரெக்ஸ் அப்படியே உட்கார்ந்தார், போய்விட்டார். அன்றிலிருந்து பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், கடை திறந்தேன். அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பெர்த்திலிருந்து வந்த என் மகள் ஜோடி, "அழுதுடும்மா, அடக்கி வைக்காத" என்றாள். நான் எதை அடக்கினேன்? உள்ளே இருந்தால் அல்லவா அடக்க.

"கடையை வித்துட்டு எங்கூட வந்துடு" என்றாள். சரி என்றேன். அப்போது யார் எதைச் சொன்னாலும் சரிதான்.

ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை. அவர் செத்துவிட்டார் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. மெல்பர்னிலிருந்து பூட்ஸ் கம்பெனி ஆள் போன் பண்ணி, "ரெக்ஸ் இருக்காரா?" என்பான். "இப்ப கடையில இல்ல" என்பேன். பொய்யில்லையே. "எப்ப வருவார்?" "தெரியலை." பாவம், அடுத்த வாரம் திரும்பப் பண்ணுவான். நானும் அதையே சொல்வேன்.

இப்படியே போனால் பைத்தியம் பிடிக்கும் என்று தோன்றியது. அடுத்த கூட்டத்துக்குப் போய், ரெக்ஸ் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, கடையை கார்த் கையில் கொடுத்துவிட்டு, பெர்த்துக்குப் போய்ச் சேர வேண்டியது. முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ணினதில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு நான் அதுவரை போனதே கிடையாது. அதெல்லாம் ரெக்ஸின் ராஜ்ஜியம். காலங்காத்தாலே தலைசீவிப் போவார், முகம் சிவந்து திரும்புவார். காரணம் எப்போதும் ஒரே ஆள். எங்களுக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கும் பாஸ்கோ.

மெயின் ரோட்டில் வண்டிகளைக் கடை பக்கம் மூக்கை வைத்துச் சாய்வாக நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். அப்படி நிறுத்தினால் டயர் லாரி உள்ளே வர முடியவில்லை, எல்லோரும் ஓரமாக நேராகத்தான் நிறுத்த வேண்டும் என்று பாஸ்கோ தீர்மானம் கொண்டுவருவார். ரெக்ஸ் எதிர்ப்பார். தள்ளிப்போகும். அடுத்த மாதம் மறுபடியும் வரும். வருஷக்கணக்காக இதே கூத்து. கீரியும் பாம்பும் என்றால் அவர்கள்தான். ஒரு நாள்கூட ஒரே மேஜையில் பீர் குடித்ததில்லை. அடக்கத்தன்று பாஸ்கோ சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றார். டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். நான் அதைக் கவனித்து வைத்திருந்தேன்.

கூட்டம், புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற கிளப்பின் ஹாலில். ஜூலை மாதம், எங்கள் பக்கத்துக் குளிர்காலம் பாதியைத் தாண்டியும் வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உள்ளே ஒரு பழைய கேஸ் ஹீட்டர். தட்டில் பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்த ரொட்டி. ஹீட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் குளிரிலும் அதில் யாரும் உட்காரவில்லை. அது ரெக்ஸ் உட்கார்கிற இடம் என்று எனக்கு விளங்கியது. நான் கதவோரம் உட்கார்ந்துகொண்டேன்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் கார்த். "முதல்ல மன்னிப்பு."

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் முன்னாலேயே சொல்லி அனுப்ப வேண்டும். அதற்கு இங்கே மன்னிப்பு என்று பெயர். ஆடு குட்டி போட்டாலும் மன்னிப்பு, அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்றாலும் மன்னிப்பு. சொல்லாமல் கொள்ளாமல் மூன்று கூட்டம் வராமல் இருந்தால் உறுப்பினர் பெயர் போய்விடும். செயலாளர் மார்லீன், பத்திரிகைக் கடைக்காரி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"பேக்கரி டினா, அடுப்பு ரிப்பேர். மருந்துக்கடை அலிஸ்டர், காய்ச்சல்." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். "ரெக்ஸ்."

ஒருவர் கையில் கவிழ்த்த சாஸ் பாட்டில் அப்படியே நின்றது. கார்த்தின் காது சிவந்தது. "ம்... ஏத்துக்கிறோமா?" என்றான். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஏற்றுக்கொண்டார்கள். செத்தவர் கூட்டத்துக்கு வராததை ஊர் கூடி மன்னித்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. யாருடைய வீட்டுக் கதையையோ கேட்பது போல உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்துமஸ் விளக்கு பற்றிப் பேசினார்கள். குப்பைத்தொட்டி பற்றிப் பேசினார்கள். பிறகு கார்த், "பார்க்கிங் தீர்மானம்" என்றான்.

"தள்ளி வை" என்றார் பாஸ்கோ.

"போன மாசமும் தள்ளினோம் பாஸ்கோ. அதுக்கு முந்தின மாசமும்."

"எதிர்க்கிற ஆள் வரல. மன்னிப்பு சொல்லியிருக்கான், நீங்களும் கை தூக்கி ஏத்துக்கிட்டீங்க. ஆள் இல்லாத நேரத்துல ஓட்டெடுக்கிறதெல்லாம் ஒரு முறையா? இன்னொரு மாசம் தள்ளினா ரோடு ஓடியா போயிடும்?"

"யாரு சொல்லி அனுப்பினது?"

கேட்டது நான்தான். என் குரல் எனக்கே வேற்று மனுஷி குரலாக இருந்தது.

மார்லீன் கண்ணாடியைக் கழற்றினாள். "பாஸ்கோதான் வெர்னா. கூட்டத்துக்கு முதல் நாள் எனக்குப் போன் பண்ணுவார். 'ரெக்ஸால வர முடியலையாம், எழுதிக்கோ'ம்பார். அவ்வளவுதான். நானும் எழுதிக்குவேன். சொல்லலைன்னா பேரு போயிடுமில்ல."

பாஸ்கோ ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ தப்பு கண்டுபிடித்தவர் மாதிரி. "அவன் பேரு அதுபாட்டுக்கு இருக்கட்டும்னுதான்" என்றார். "யாருக்கு என்ன நஷ்டம்?"

"விளையாடுறீங்களா எல்லாரும்?" எழுந்துவிட்டேன். "அவர் செத்துட்டார்."

முதல் தடவையாகச் சொன்னேன். இடி விழும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றும் விழவில்லை. ஹீட்டர் புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

"ரெக்ஸ் செத்துட்டார். ஸ்டோர் ரூம்ல. நான்தான் கதவைத் திறந்து பாத்தேன். அவர் யாருகிட்டயும் மன்னிப்பு சொல்லி அனுப்பல. எங்கிட்டயே சொல்லிட்டுப் போகல, உங்ககிட்டயா சொல்லுவார்? பேரை எடு மார்லீன்."

மார்லீன் கை நகரவில்லை.

"எடுன்னு சொல்றேன்ல."

எடுத்தாள். நான் வந்த வேலை முடிந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினேன். கார்த்துக்கு எங்கே எதைப் பேசுவது என்கிற விவஸ்தை எப்போதும் இருந்ததில்லை. "அப்ப... இனிமே தள்ளி வைக்கக் காரணம் இல்ல. தீர்மானத்தை ஓட்டுக்கு விடலாம். எதிர்க்கிறவங்க?" என்றான்.

ஒருவரும் இல்லை.

பாஸ்கோவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் சண்டை போட்டது கையில் வந்து விழப்போகிறது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கிழவனாக உட்கார்ந்திருந்தார். "வேண்டாம் கார்த்" என்றார் மெதுவாக. "எதிர்ப்பே இல்லாம ஜெயிச்சு அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"நான் எதிர்க்கிறேன்" என்றேன்.

"நீங்க உறுப்பினர் இல்லையே வெர்னா."

"சேத்துக்கோ."

"இல்ல, நீங்க கடையை விக்கிறதா..."

"கார்த். வாயை மூடிட்டு என் பேரை எழுதச் சொல்லு."

மார்லீன் அதற்குள் எழுதிவிட்டிருந்தாள். பாஸ்கோ தலையைத் தூக்கினார். "சும்மா எதிர்க்கிறேன்னா ஆச்சா? காரணம் சொல்லணும்" என்றார். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

காரணமா? எத்தனை வருஷம் என் அடுப்படியில் நின்று ரெக்ஸ் கத்தியதைக் கேட்டிருக்கிறேன். தானாக வந்தது. "உன் டயர் லாரி வாரத்துக்கு ஒரு தடவை வருது. கண்ணு சரியாத் தெரியாத டோலன் கிழவி தினம் கார்ல வர்றா. அவளை ஓரமா நேரா நிறுத்தச் சொல்லிப் பாரு. உன் கடைக்குள்ள வந்து நிறுத்திட்டு, டயரு வேற மாத்தச் சொல்லுவா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்கோ சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"இது ரெக்ஸ் சொல்றது."

"தெரியும். பதில் சொல்லு."

"பதில் அடுத்த மாசம் சொல்றேன்" என்றார். "யோசிக்கணும்."

அந்த வாரம் மெல்பர்ன்காரன் போன் பண்ணினான். "அவர் இறந்துட்டார், இனிமே எங்கிட்டயே பேசுங்க" என்றேன். அவன் திக்கினான், மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கு ரப்பர் பூட்ஸ் அனுப்பச் சொன்னேன். ஜோடியிடம், கடை இப்போதைக்கு இருக்கட்டும் என்றேன். "நல்லா இருக்கியாம்மா?" என்றாள். இருந்தேனா என்று எனக்குத் தெரியாது. கன்னம் இன்னும் மரத்துத்தான் இருந்தது. சொல்வதைச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு நேரத்தோடு போய், ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். குளிருகிறது, நாற்காலி காலியாக இருக்கிறது, உட்கார்ந்தேன். டினா என் எதிரே உட்கார்ந்து, சாஸ் வேண்டுமா என்று கேட்டாள். பாஸ்கோ ஒரு தாளில் என்னவோ எழுதிக்கொண்டு வந்திருந்தார். எனக்குப் பதில் போலிருக்கிறது.

"முதல்ல மன்னிப்பு" என்றான் கார்த்.

"அலிஸ்டர், மகனுக்குப் பரீட்சை" என்றாள் மார்லீன். "அவ்வளவுதான்."

"வேற யாராவது?"

பாஸ்கோவின் கை மேஜையிலிருந்து உயர்ந்தது. ரெக்ஸுக்காக மன்னிப்பு சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். வாயும் திறந்துவிட்டது. அப்புறம்தான் அந்த நாற்காலியில் இருக்கும் என்னைப் பார்த்தார். கை பாதியில் நின்றது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. கடைசியில் அதற்காகவே தூக்கியது போலப் பிடரியைத் தடவிக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்கினார்.

அப்போதுதான் எனக்கு வந்தது. சாஸ் பாட்டில், ரொட்டி, டினா எல்லோருக்கும் முன்னால், வாய்விட்டு, அசிங்கமாக, விழுந்து முழங்கால் பெயர்த்துக்கொண்ட குழந்தை மாதிரி அழுதேன். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. இந்தத் தடவை ஒருவரும் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. டினா மேஜையைச் சுற்றி வந்து என் முதுகில் கை வைத்தாள். மார்லீன் கை துடைக்கும் காகிதங்களை என் பக்கம் தள்ளினாள்.

கார்த் கையில் இருந்த தாளைப் பார்த்தான். "சரி... அடுத்தது பார்க்கிங்..." என்று இழுத்தான்.

"தள்ளி வை" என்றார் பாஸ்கோ, என்னைப் பார்க்காமல். "எதிர்க்கிற ஆள் அழுதுக்கிட்டிருக்கா."