மெரில் சொல்லாத வரி

என் தம்பி சஃப்வானுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இப்போது இருபத்தாறு வயது. வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் செல்போன் பழுது பார்க்கிறான். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதை உதடு பார்த்துப் பாதி பிடிப்பான், மீதியைத் தாளில் எழுதச் சொல்வான். வீட்டில் அந்தத் தாள் நான்தான். டாக்டர் சொன்னது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சண்டையில் சொன்னது எல்லாமே என் கை ஜாடை வழியாகத்தான் அவனுக்குப் போகும். ராத்தா சொன்னால் சரி. நான் அவனுக்கு அக்கா, ஒரு தடவைகூட அவன் என்னிடம் "உள்ளதா, நெசமாவா?" என்று கேட்டதில்லை. அதை நானே கெடுத்துக்கொண்டேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

எல்லாம் ஒரு சீரியலால் வந்தது. அதன் இங்கிலீஷ் பெயர் நீளம், நம்மூர் ரசிகர்கள் வைத்த பெயர் விண்தோணி. பத்தொன்பது வருஷமாக ஓடுகிறது. ஓர் ஓட்டை விண்கலம், அதில் ஏழெட்டுப் பேர். எந்தக் கிரகத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவ்வளவுதான் கதை. விண்வெளி உடுப்பு போட்டுக்கொண்டால் அவர்கள் கை ஜாடையில் பேசுவார்கள். ஏழு வயதில் அதைப் பார்த்துத்தான் சஃப்வான் விழுந்தான்.

அவன் படித்தது காது கேளாதோர் பள்ளியில், தமிழில். இங்கிலீஷ் ஓடாது. நான் இரணியலில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எனவே ஒவ்வொரு எபிசோடுக்கும் தமிழில் சப்டைட்டில் டைப் செய்வது என் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி சோறு தின்றுவிட்டு, கோட்டாறில் எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவோம். உம்மாவும் உட்காருவாள். அவளுக்கு ஒன்றும் விளங்காது. எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் கிழவி மெரில் வந்தால் மட்டும், "இவ நம்ம ஆளாக்கும்" என்பாள். மெரில் ஒரு கிரகத்திலிருந்து டோபின் என்ற அநாதைப் பயலைத் தூக்கிவந்து வளர்க்கிறவள். சஃப்வானுக்கும் அவள்தான் உசிர்.

போன வருஷம் உம்மா மௌத்தானாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால் சஃப்வானுக்கு அவள் உதடு தெரியவில்லை. நான் காதை வைத்துக் கேட்டேன். "சஃப்வானெ வாய மூடிட்டு இருக்க விடாத. அவனுக்க சத்தம் கேட்டுத்தான் நான் இத்தன வருஷம் எழும்பினேன்" என்றாள். பிறகு பேசவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்ற அவனுக்கு அதை அப்படியே கையால் சொன்னேன்.

அவன் குரல் தொண்டையில் கிடந்து இழுத்துக்கொண்டு வரும். சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் அதைப்போல் கத்திக் காட்டியதிலிருந்து வெளியில் வாயைத் திறக்க மாட்டான். உம்மாவிடம் மட்டும் பேசுவான். அவள் அடங்கிய நாற்பதாம் நாள் வடசேரிச் சந்தையில் மீன்காரியிடம் சத்தம்போட்டு விலை பேசினான். பஸ்ஸில் டிக்கெட் கேட்டான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவன் பாட்டுக்குப் பேசினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

இந்த நிலையில்தான் விண்தோணியின் புது சீசன் வந்தது. எழுதுகிற ஆட்கள் மாறிவிட்டார்களாம். நல்லவர்கள் ஒவ்வொருவராகக் கெட்டுப்போனார்கள். கப்பலில் வெளிச்சம்கூட இல்லை. நாலாவது எபிசோடில் மெரில் சாகிறாள். டோபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் சொல்கிறாள்: "உன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கணும். இத்தனை வருஷமும் இரக்கப்பட்டு நடித்தேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் அதை டைப் செய்ய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. உம்மா போய்ப் பதினோரு மாசம். எவனோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய வரியை என் கையால் என் தம்பிக்குக் கொடுக்க மாட்டேன் என்று தோன்றியது. "உன்னைத் தூக்கி வந்த நாள்தான் என் நாள்களில் நல்ல நாள்" என்று டைப் செய்தேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பில் டீ போட்டுக் குடித்தேன்.

மறுநாள் பார்த்துவிட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான். நல்ல அழுகை. நான் செய்தது சரிதான் என்று பட்டது.

குமரி மாவட்ட ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு, அறுபது பேர். அதில் அடிதடி ஆரம்பித்தது. அருமனைக்காரன் ஜெப்சன் எழுதினான்: "பத்தொன்பது வருஷமா ஒருத்தனும் சாவல்ல, ஒருத்தனும் பொய் சொல்லல்ல. இது சீரியலா, சண்டே ஸ்கூலா? இப்பத்தான் வளர்ந்திருக்கு." தக்கலை மகேஷ்குமார் விடவில்லை: "மனுசன் வேலைக்குப் போயிட்டு வந்து நிம்மதியா பாக்க ஒண்ணு இருந்துது. அதுலயும் மண்ணள்ளிப் போட்டாச்சி. இருட்டுன்னா இருட்டு, போன்ல வெளிச்சத்த முழுசா கூட்டி வச்சும் ஒருத்தன் மூஞ்சி தெரியல்ல."

நடுவில் சஃப்வான் போய் நின்றான். "யாரு சொன்னா இருட்டுன்னு? மெரில் கடைசியா சொன்னத விட்டுட்டீங்களா? இத்தன வருஷத்துல இதவிட நல்ல சீன் கிடையாது" என்று எழுதி, என் வரியையும் போட்டான்.

சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. கிண்டல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். மகேஷ்குமார் மட்டும், இவனுக்குக் காது கேட்காது என்று தெரியாமல், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். சஃப்வான் போனை என்னிடம் நீட்டினான். "மகேஷ் என்னத்த சொல்லுகான்?"

காதில் வைத்துக் கேட்டேன். "தம்பி, மெரில் அப்படிச் சொல்லல்லியே. அவ அவனத் திட்டிட்டுல்லா செத்தா. நீ எங்க பாத்தே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் புத்தி போன போக்கைப் பாருங்கள். "அவனுக்கு அந்த சீன் பிடிக்கல்லியாம்" என்றேன்.

சஃப்வான் கெக்கெக்கே என்று சிரித்தான். மூன்று நாள் அந்த வரிக்காகச் சண்டை போட்டான். கடையில் சோறு தின்கிற நேரத்தில்கூட எழுதினான். மெரிலை எவன் குறை சொன்னாலும் விடவில்லை. நானும் தினம் படித்தேன். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜெப்சன் பொறுமை இழந்து அந்தக் காட்சியைப் படம் பிடித்துப் போட்டான், கீழே இங்கிலீஷ் எழுத்தோடு. "மக்கா, நீயே வாசி" என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் மேல் தப்பில்லை. கடையில் பழுதுக்கு வந்திருந்த ஒரு போனை அந்த எழுத்தின் மேல் காட்டியிருக்கிறான் சஃப்வான். போன் தமிழாக்கிக் கொடுத்துவிட்டது.

நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கே வந்து நின்றான். கையில் போன். நான் படித்தேன்.

"நீ மாத்தினியா?" வாயால்தான் கேட்டான்.

"ஆமா." இனி என்ன மறைக்க? "உனக்கு வெசனமாகும்னு மாத்தினேன் மக்கா. உம்மா போய் ஒரு வருசம்கூட ஆகல்ல. தப்புதான்."

"மகேஷ் சொன்னது?"

"அதுவும்."

குரூப்பில் அறுபது பேர் முன்னால் அசடாகிவிட்டதற்குக் கோபப்படுவான், போனைத் தூக்கி எறிவான் என்று இருந்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையைக் குவித்து மூக்குக்கும் வாய்க்கும் மேல் வைத்துக் காட்டினான். ஆக்சிஜன் மாஸ்க். பிறகு கையாலேயே கேட்டான்: "அப்போ, உம்மா?"

பேனாவைப் போட்டுவிட்டு எழும்பினேன்.

"அது உள்ளது சஃப்வானே. உம்மா சொன்னா. எனக்க காதுல சொன்னா. அல்லாஹ் மேல ஆணை, ஒரு சொல்லு நான் கூட்டல்ல, குறைக்கல்ல." வாயாலும் சொன்னேன், கையாலும் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். வேகத்தில் கை குழறியது.

அவன் என் இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான். கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு விட்டுவிட்டுக் காட்டினான்: "பரவாயில்ல ராத்தா. எனக்காவத்தான் சொன்னே. நல்லதாத்தான் சொன்னே."

அவன் முகத்தில் கோபமே இல்லை. என்மேல் இரக்கம் இருந்தது. உம்மா சாகும்போது தம்பி நொறுங்கிவிடக் கூடாது என்று அக்கா நல்ல ஒரு வரியை உண்டாக்கித் தந்தாள் என்று முடிவு செய்துவிட்டான். அதற்கு எனக்கு நன்றி சொல்கிறான். என்ன சொல்லி இதை மாற்றுவேன்? சத்தியம் செய்யச் செய்ய அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான், குழந்தையிடம் ஆட்டுவதுபோல.

"வாயத் தொறந்து என்னத் திட்டுலே" என்று கத்தினேன். அவன் பார்த்தான், சிரித்தான், உள்ளே போனான்.

இன்றைக்குப் பத்தொன்பது நாள். அவன் வாய் திறக்கவில்லை. மீன்காரியிடம் விரலைக் காட்டி விலை கேட்கிறான், பஸ்ஸில் ஊர்ப் பெயரைத் தாளில் எழுதி நீட்டுகிறான். குரூப்பில் இன்னும் இருட்டு நல்லதா கெட்டதா என்று அடித்துக்கொள்கிறார்கள்.

உம்மா அதைச் சொன்னாள். கேட்டவள் நான் ஒருத்திதான்.