கட்டில் கால்களுக்குத் தண்ணீர்

பங்குனி பிறந்ததிலிருந்து சம்பூர்ணத்துக்குக் காலையில் முதல் வேலை கட்டில் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். பாதியாக வெட்டிய டால்டா டப்பாக்களில் நான்கு கால்களும் நின்றன. தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுவாள். கும்மிடிப்பூண்டி வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், மறுபடி ஊற்றவேண்டும். தொங்குகிற போர்வை நுனியைப் பிடித்து எறும்பு ஏறிவிடும் என்று நாலு பக்கமும் செருகிவிடுவாள். சுவரிலிருந்து கட்டிலை ஒரு சாண் தள்ளியே போட்டிருந்தாள். மண் சுவரின் வெடிப்புகளில் மஞ்சள்தூளை அடைத்தாள். அப்படியும் கூரையிலிருந்து ஒன்றிரண்டு விழுந்தன.

கட்டிலில் படுத்திருந்தது அவள் புருஷன் தேசப்பன். உப்பு மூட்டை ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டவன். அதன்பிறகு கை கால் அசையவில்லை, பேச்சும் போயிற்று. கண் மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு பார்க்கும். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். எது எதற்கென்று அவளுக்குத்தான் தெரியும். படுத்துப் படுத்து முதுகில் புண் வைத்துவிட்டது. எறும்பு அதைத் தேடித்தான் வந்தது.

வீடு அவன் அண்ணன் துலுக்காணத்துடையது. அண்ணி எல்லம்மா தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறவள். டப்பாவில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அவள் முகம் மாறும். குடிக்கவே இல்லாத ஊரில் கட்டிலுக்கு ஊற்றுகிறாளே என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள். ஆனால் அவன் விழுந்த புதிதில், முகம் சுளிக்காமல் அவன் துணிகளைக் கசக்கிப் போட்டவளும் அவள்தான். அதனால் சம்பூர்ணம் பதில் பேசுவதில்லை.

சித்திரையில் எல்லம்மாவின் மகள் கன்னியம்மாவைப் பெண் பார்க்கப் பொன்னேரியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் பர்மனென்ட் வேலை. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் கூடத்தில் கிடந்த தேசப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வம்ச வியாதியாக இருக்கும் என்று பேசிக்கொண்டதாகப் பிறகு காதுக்கு வந்தது. இந்தத் தடவை துலுக்காணம் சம்பூர்ணத்தின் முகத்தைப் பாராமல் வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஒரு மணி நேரந்தாம்மா. பின்னால கொட்டாயில வச்சிக்கலாம். வந்து பாத்துட்டுப் போய்டுவாங்க."

அவள் சரி என்றாள். பிள்ளை பெறாத அவள் மடியில் வளர்ந்தவள் கன்னியம்மா.

அன்று பிற்பகல் துலுக்காணமும் பக்கத்து வீட்டுக் குப்புராஜும் தேசப்பனோடு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், மாட்டை விற்றதிலிருந்து காலியாகக் கிடந்த கொட்டகையில் போட்டார்கள். டப்பாக்கள் கூடத்திலேயே நின்றன. எடுத்து வருகிறேன் என்று சம்பூர்ணம் கிளம்பும்போதே கேசரி அடிபிடிக்கிறது என்று எல்லம்மா கூப்பிட்டாள். கேசரியை இறக்கியதும், ஒளித்துவைத்த மனுஷனுக்கு முதல் வாய் போகட்டும் என்று ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். அவனுக்கு இனிப்பு என்றால் உயிர். கண்ணை மூடிச் சப்பிச் சாப்பிட்டான். வாயைத் துடைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகம். கேசரியை ருசித்துவிட்டு யார் செய்தது என்று விசாரித்தாள். பிறகு சம்பூர்ணத்தைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரரு எங்கம்மா, காணோம்?" என்றாள்.

யாராவது சொல்லுவார்கள் என்று சம்பூர்ணம் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

"மெட்ராசுக்குப் போய்க்கீறாரு. வேல விசயமா."

சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா திரும்பினாள். "இன்னா சத்தம் அது?"

"பக்கத்தூட்டுக் கன்னுக்குட்டி," என்றாள் எல்லம்மா. "வெயில் தாங்காம கத்துது."

மறுபடி வந்தது. அது பசியில்லை என்று சம்பூர்ணத்துக்குத் தெரிந்தது. கேசரித் தட்டோடு நின்றாள். பின்கதவு அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. போனால் எல்லாக் கண்ணும் கூடவே வரும். தலைகுனிந்து நின்ற கன்னியம்மாவின் கால் விரல்கள் தரையை அழுத்தி மடங்கின. அவளுக்கும் அந்தக் குரல் தெரியும். இன்னும் இரண்டு முறை வந்து, நின்றுபோயிற்று. தூங்கியிருப்பான் என்று சம்பூர்ணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரோ இன்னும் கொஞ்சம் கேட்டார்கள், பரிமாறினாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஓடினாள். கட்டில் காலில் தொடங்கிய சிவப்பு வரிசை அவன் வாய்வரை போயிருந்தது. உதடு வீங்கியிருந்தது. ஒரு கண் மூடிக்கொண்டுவிட்டது. இமையில், காதுக்குள், முதுகுப் புண்ணில் எல்லாம் எறும்பு. அவனைப் புரட்டித் தரையில் இழுத்துப்போட்டு, கையால் வழித்து வழித்துத் தள்ளினாள். சமையலுக்கு வைத்திருந்த குடத்தை எடுத்துவந்து அப்படியே மேலே ஊற்றினாள். எல்லம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அடுத்த குடத்தைத் தானே கொண்டுவந்து ஊற்றினாள். கன்னியம்மா பட்டுப் புடவையோடு மண்ணில் உட்கார்ந்து அவன் முடிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். புண்ணில் தண்ணீர் பட்டபோதும் அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. கடைவாயில் காய்ந்திருந்த கேசரியைச் சம்பூர்ணம் முந்தானையால் துடைத்தாள். அவன் திறந்திருந்த கண்ணை அவள் பக்கம் திருப்பவேயில்லை.

பெண் பிடித்திருப்பதாகத் தகவல் வந்தது. ஆனியில் கல்யாணம். துலுக்காணம் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கல்யாணம் முடிகிற வரைக்கும் தம்பி இங்கேயே இருக்கட்டும், தரைக்குச் சாணி மெழுகி எறும்புப் பொடி வாங்கிப் போடுகிறேன் என்றான். அவள் தேசப்பனின் போர்வை நுனியைச் செருகினாள்.

"மெட்ராசுன்னு நீதானம்மா சொன்ன," என்றான், தணிந்த குரலில்.

பழவேற்காட்டில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குத் தேசப்பனைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சம்பூர்ணம் சொன்னாள். துலுக்காணம் வேண்டாம் என்பான் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தாள்.

"வண்டி சொல்லட்டுமா?" என்றான் அவன்.

மறுநாள் காலையில் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பித் தேசப்பனைக் கிடத்தினார்கள். கன்னியம்மா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லம்மா ஒரு பானைத் தண்ணீரை வண்டியில் வைத்தாள். ஊர் தாண்டும்வரை அவன் முகத்தை மூடிக்கொண்டு போகும்படி மெல்லச் சொன்னாள். பொன்னேரிக்காரர்கள் யாராவது கண்ணில் படலாம். சம்பூர்ணம் போர்வையை இழுத்து மூடினாள்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டி நின்றது. காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். மீன்கூடையோடு நின்ற ஒரு கிழவி வண்டியருகே வந்தாள்.

"யாரும்மா செத்துப்போனது?"

சம்பூர்ணம் போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"சாவல. என் ஊட்டுக்காரரு."

கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகினாள். வெயில் முகத்தில் அடித்ததும் தேசப்பன் கண்ணைச் சுருக்கினான். சம்பூர்ணம் குனிந்து தன் நிழலை அவன்மேல் விழச் செய்தாள். அப்போது கூட்ஸ் வண்டி வந்தது. அதன் காற்றில் வைக்கோல் பறந்தது. அவன் கண்கள் அவளைத் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தன.