மணியத்துக்குப் பிடிக்காத கதைகள்

மணியத்தின் கருமாதி முடியும்வரை புக்கிட் காத்தில் என்ற ஊரிலிருந்த அவர் வீட்டில் டிவியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மறுநாளே அவர் மனைவி பவானேஸ்வரி துணியை உருவிவிட்டு வீடியோ டேப்பைப் போட்டாள். பட்டாளத்துக்காரர்கள் அடிக்கும் கூத்து, வாரம் ஒரு கதையாக வந்த பழைய இங்கிலீஷ் தொடர். மணியம் ஒன்று விடாமல் பதிவு பண்ணி வைத்திருந்தார். அதில் அவள் தேடியெடுத்தது தொடர் முடியப்போகும் சமயத்தில் வந்த படு மட்டமான கதைகளை.

மகள் கலைமகளுக்கு எரிச்சல் வந்தது. "ஏம்மா, நல்ல கதையெல்லாம் இருக்குலா. இதை அப்பாவே திட்டுவாரே!"

"நல்ல கதை ஓடுனா உங்கப்பா கண்ணைக்கூட இமைக்க மாட்டாரு. நான் வாயைத் தொறந்தா அதட்டுவாரு. இந்தக் குப்பை ஓடுனாத்தான், 'சீ, இதெல்லாம் ஒரு கதையா'ன்னு திட்டிக்கிட்டே என் பக்கம் திரும்புவாரு. அப்புறம் பாசார்ல மீன் விலை, லோரி ரிப்பேர், என் கால்வலின்னு பேச்சு வரும். முப்பது வருசத்துல எங்கிட்ட பேசுனதே அப்பத்தான்."



டிவியில் கர்னல் சேற்றில் வழுக்கி விழுந்தார். டிவிக்குள்ளேயே ஒரு கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்த இடத்தில் எப்போதும் மணியம்தான் சலித்துப்போய்ச் சத்தத்தைக் குறைப்பார். இன்று பவானேஸ்வரியே எழுந்துபோய்க் குறைத்தாள். குறைத்துவிட்டு, மணியத்தின் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.