போர் தண்ணீர் மேல் போட்ட பழி

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவியை மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே மாட்டிய பிறகும் ஜெயசெல்வியின் முடி கொட்டுவது நிற்கவில்லை. முன்பு சீப்போடு வந்தது, இப்போது தலையணையில் கொத்துக்கொத்தாகக் கிடந்தது. அவள் கணவன் அருள்ஜோசப் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, சோப்பு போட்டுக் குலுக்கிப் பார்த்தான். நுரை பொங்கியது. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அப்புறம் ஏன் கொட்டுகிறது?

ஓசூரில் யாருக்கு முடி கொட்டினாலும் திட்டு வாங்குவது ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர்தான். வீட்டுக்காரம்மா நஞ்சம்மாவும் அதையேதான் சொன்னாள். "என்னையே பாருப்பா. கல்யாணத்தப்போ ஜடை இடுப்புக்குக் கீழ தொங்குச்சு. இப்ப எலிவாலு."

ஜெயசெல்வி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏங்க, அந்தப் புது மாத்திரை போட ஆரம்பிச்சப்புறம்தான் இப்படி."

அவளுக்குக் குரோன்ஸ் நோய். உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே குடலைத் தாக்கிப் புண்ணாக்கிவிடும். அவற்றை அடக்க அசத்தியோபிரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சிலருடைய உடம்பு அந்த மருந்தைச் சரியாகக் கழிக்காது. மருந்து தேங்கி, எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிடும். அதனால் முன்கூட்டியே மரபணுப் பரிசோதனை செய்திருந்தார்கள். முடிவு நார்மல் என்றே வந்தது.

"அதான் ரிப்போர்ட் ஓகேன்னு வந்துருச்சில்ல?" என்றான் அருள்ஜோசப். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். "ஓகே ஆன பீஸ நான் திரும்பத் தொடவே மாட்டேன்."

"நான் என்ன உங்க கம்பெனி பீஸா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்த வாரம் அவளுக்கு ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. கருவி மாட்டும் வேலைக்கே லீவெல்லாம் போய்விட்டதால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவன் தள்ளிப்போட்டான்.

அடுத்த வாரத்துக்குள் காய்ச்சல் வந்துவிட்டது. வாயெல்லாம் புண். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லவே இல்லை.

"டெஸ்டுல தப்பில்லைங்க," என்றார் டாக்டர் ரேவதி. "அது பார்த்தது டி.பி.எம்.டி.ங்கற ஜீனை. ஐரோப்பாக்காரங்கள்ல இந்த மருந்து சேராதவங்களுக்குப் பெரும்பாலும் அதுலதான் கோளாறு. நம்ம பக்கம் அது குறைச்சல். நமக்கு என்.யு.டி.டி.பதினஞ்சுன்னு வேறொரு ஜீன். அது மாறியிருக்கறவங்க அங்க ரொம்ப அபூர்வம், இங்க பத்துப் பேருல ஒருத்தராவது இருப்பாங்க. அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு, இவங்களுக்கு ரெண்டுமே மாறியிருக்கு. முடி கொத்தா கொட்டுறதுதான் அதுக்கு முதல் அடையாளம்."

அருள்ஜோசப்புக்கு உடனே புரிந்தது. துளையின் அகலத்தை அளக்கும் கேஜை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து ஓகே சொன்ன மாதிரிதான் இது. விரிசலோ வேறு இடத்தில். வேலையில் அப்படி ஒரு பீஸ் தப்பிப் போனால் அவன் யாரையும் சும்மா விட்டதில்லை. இங்கே விரிசல் தானே வாய் திறந்து சொல்லியும் அவன் கேட்கவில்லை.

ஜெயசெல்வி பிழைத்தாள். ஆனால் மாத்திரையை நிறுத்தியிருந்த நாட்களில் குடல் மோசமாகி, ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. முடி மறுபடி விரல் நீளத்துக்கு வளர்ந்தது. குடல் வளராது. அவள் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று, அந்தக் கருவியைச் சுத்தப்படுத்த உப்பு போடும்போதெல்லாம் அவனுக்குத் தோன்றும்.

மறு வருடம் அவள் தங்கை கெசியாவுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. பாகலூரிலிருந்து வந்தவளின் கைப்பையில் அதே மாத்திரை, இன்னும் பிரிக்காத அட்டை.

"டெஸ்ட் நார்மல் மாமா," என்றாள். "முடி கொட்டுனா உங்க மெஷினு இருக்கே!"

அவன் சிரிக்கவில்லை. "எந்த ஜீனைப் பாத்தாங்க பாப்பா?"

கெசியாவுக்குத் தெரியவில்லை. ஜெயசெல்வி அட்டையை வாங்கி அவன் கையில் வைத்தாள். "எனக்காகத்தான் நீங்க கேக்கல. இவளுக்காவது கேளுங்க."

அன்றே டாக்டர் ரேவதியிடம் போனார்கள். இரண்டாவது ஜீனையும் பார்த்ததில், கெசியாவுக்கு ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தது. டாக்டர் சொன்ன வழி இதுதான்: மாத்திரை பாதி அளவு, முதல் இரண்டு மாதம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, முடி கொத்தாகக் கொட்டினால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.