ராஜாமணிக்கு முன்பும் பின்பும்

1

மனிதனை மதிக்கத் தெரிந்த மொழி உலகத்திலேயே தமிழ் ஒன்றுதான். இதை இந்தக் கதை முடிவதற்குள் நிரூபித்துவிடுவேன். மறுப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் கால்களை மடக்கி வழிவிடவும்.

தமிழில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 'நேற்று வந்த, குடையை மறந்த, நீண்ட மூக்குடைய பையன்.' ஊர்வலமெல்லாம் போன பிறகு மாப்பிள்ளை வருவதுபோல, பையன் கடைசியில் வருகிறான். வெள்ளைக்காரனோ பையனை முதலில் தெருவில் தள்ளிவிட்டு 'ஹூ', 'விச்', 'வித்' என்று பின்னாலேயே ஓடுகிறான். பையன், எவன் நேற்று வந்தானோ, எவன் குடையை மறந்தானோ, நீண்ட மூக்கோடு. பெயரைச் சொன்ன பிறகும் வாயை மூடத் தெரியாத ஜாதி.

[இதைக் கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரையாகத்தான் தொடங்கினேன். உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. ராஜாமணி வந்தான். கட்டுரை போயிற்று.]

2

முதல் தொடக்கம்: 1962ஆம் ஆண்டு, விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக வேலை பார்த்த, திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் போய்வந்த தேவசகாயத்தின் ஒரே—

அடித்துவிட்டேன். ராஜாமணி வந்து சேர்வதற்குள் வாசகர் தூங்கிவிடுவார்.

இரண்டாம் தொடக்கம்: ராஜாமணி செத்துப்போனான்.

இதுவும் சரியில்லை. [உண்மை என்பதைத் தவிர.]

சாதாரணமாகவே சொல்கிறேன். அவனும் நானும் திண்டிவனத்தில் ஒரே பெஞ்ச். நான் கல்லூரிக்குப் போனேன். அவன் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் மூன்று முறை தோற்றான். 'ஹூ' போட்டு இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கு என்ற கேள்வியைக் கண்டாலே அவனுக்குக் கை வியர்த்துவிடும். நான்காம் முறை எழுதுவதற்குள் மஞ்சள் காமாலை.

[செத்தவன் என்பதால் இவனை நல்லவனாக்குகிறேனோ? இல்லை. என் சைக்கிளை எடுத்துப் போய்ப் பஞ்சராக்கி, ஒன்றும் தெரியாதவன்போல் சாத்திவைப்பான்.]

3

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் அவனுக்குக் கல் நட வேண்டும். அவன் அப்பா தேவசகாயம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ காலேஜ் புள்ள. இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடு. மேல அவன் பேரு. கீழ, அவன் இன்னா ஏதுன்னு."

அவர் மனைவி செண்பகம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உசுரோட இருந்த வரைக்கும் அந்தப் புள்ளைய அழ வச்ச பாஷை. செத்தும் அவன் தலைமாட்டுல நிக்கணுமா?"

"ஏ, சும்மாரு. வெள்ளக்காரச் சாமியாருங்க கல்லுல எல்லாம் இங்கிலீஷ்தான் கீது."

[அது லத்தீன். நான் சொல்லவில்லை.]

"அவங்கள்லாம் பாஸ் பண்ணவங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். கல்லுல கொத்திட்டா எவன் வந்து பெயில் போடுவான்?"

ராஜாமணியின் அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தமிழ்ல எழுது தம்பி. எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியா பேரு. பேரச் சொல்லிட்டன்னா அப்புறம் எனக்குப் பேச்சு வராது."

[என் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அன்று அதைக் கட்டுரையில் சேர்க்கக் கை வரவில்லை.]

4

மயிலம் ரோட்டில் கல் கொத்தும் பெரியசாமியிடம் இருவரும் தனித்தனியாகப் போயிருக்கிறார்கள். 'முதல்ல பேரை மட்டும் கொத்து, மத்தது அப்புறம் எழுதித் தர்றோம்' என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாது.

கல் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. மேலே இங்கிலீஷில் ராஜாமணி. கீழே தமிழில் ராஜாமணி. நடுவில் வெறும் கல்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற?" என்றார் தேவசகாயம்.

"நீங்க மேல போடுன்னீங்க. அம்மா கீழ போடுன்னாங்க. ரெண்டு பேரும் பேசிக்கினுதான் வந்தீங்கன்னு நெனச்சேன்" என்றார் பெரியசாமி. "நடுவுல எடம் தாராளமா கீது."

வேறு வீடாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அம்மா கீழே இருந்த பெயரிலிருந்து கல்தூளை முந்தானையால் துடைத்தார். தேவசகாயம் மேலே இருந்ததைத் துண்டால் துடைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"நடுவுல நீயே எழுதிக் குடு தம்பி" என்றார் அவர். அம்மாவும் தலையாட்டினார். எந்த பாஷையில் என்று இருவருமே சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். தேவசகாயம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மகன் நான்காம் முறையும் தோற்றதுபோல்—

முடிவு இரண்டு: இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறேன். அம்மா கல்லறைக்கு வருவதையே—

இரண்டும் நடக்கவில்லை. திருநாளன்று பாதிரியார் கல்லறையை மந்திரித்த போதும் நடு காலியாகத்தான் இருந்தது. மறு வருஷமும் அப்படியே. இருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. தெருவில் பார்த்தால், "எழுதிக்கினு கீறியா தம்பி?" என்று மட்டும் கேட்பார்கள். அதுதான் பேஜாரு.

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. உங்களில் எவருக்காவது வந்தால் எழுதிக் கொடுங்கள்; பெரியசாமி கொத்தித் தருவார். எனக்கு வந்தது இவ்வளவுதான்:

ராஜாமணி, சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்கிறவன், மழை வந்தால் சட்டையைக் கழற்றிப் புத்தகத்துக்குப் போர்த்துகிறவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் கண்ணோடு 'வர்ற மார்ச்சுல பாத்துக்கலாம்டா' என்றவன், அதை நானும் நம்பும்படி சொன்னவன்,