வேலப்பன் கடல் தாண்டிய கதை

பள்ளங்கி மலைக்கிராமத்தில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் வேலப்பன் கள்ளத்தோணியில் கடல் தாண்டிய கதையைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். தைலமரம் உயரத்துக்கு அலை. பாய் கிழிந்தது. தோணிக்காரன் அழுதான். வேலப்பன்தான் துடுப்பைப் பிடுங்கி வலித்தான். தோணி கவிழ்ந்ததும் நீந்தி இலங்கைக் கரை ஏறினான்.

கதையைக் கொண்டுவந்தவன் நாச்சிமுத்து. தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைக்குமென்று வேலப்பனோடு போனவன், எலும்பும் தோலுமாகத் தனியே திரும்பினான். மலையில் மூட்டை தூக்க அவனுக்குத் தெம்பில்லை. பூண்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கதை சொன்னால் கஞ்சி கிடைத்தது, பீடி கிடைத்தது.

நடந்தது வேலப்பன் பெண்டாட்டி இருளாயிக்கு மட்டும் தெரியும். திரும்பிய அன்றே நாச்சிமுத்து ஓடைக்கரையில் அவளிடம் சொல்லிவிட்டான். அலையுமில்லை, காற்றுமில்லை. தோணிக்காரன் இருட்டில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இலங்கை என்று சொல்லிப் போய்விட்டான். இரண்டு பேரும் மணலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். கடல் தண்ணீர் ஏறும் என்பது மலையில் பிறந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? முழித்தபோது திட்டைக் காணோம். முழங்கால் தண்ணீர்தானே, ஓடையைத் தாண்டுவதுபோல் தாண்டிவிடலாமென்று வேலப்பன் நடந்தான். கொஞ்ச தூரத்தில் ஆழம் இழுத்துக்கொண்டது. பயந்து நின்ற இடத்திலேயே நின்ற நாச்சிமுத்துவை மீன்காரர்கள் தூக்கி வந்தார்கள்.

இருளாயி வாயைத் திறக்கவில்லை. புருஷன் இருக்கிறான் என்றால்தான் அவன் அண்ணன் திருமலைச்சாமி வீட்டில் படுக்க இடம். அதற்குக் கூலியாக அவன் பூண்டுக் காட்டில் இருட்டும்வரை மண்வெட்டி பிடித்தாள்.

பிறகு பாச்சலூர்ப் பொன்னுச்சாமி அவளைக் கேட்டு வந்தான். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன், பெண்டாட்டியை இழந்தவன். அவர்கள் வழக்கத்தில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளலாம். உயிரோடு இருந்தால் அவனே வந்து உறவைத் தீர்த்துவிட வேண்டும்.

ஊர் கூடியது. இருளாயி கெஞ்சிக் கேட்டிருந்ததால் நாச்சிமுத்து எழுந்து உள்ளதைச் சொன்னான்.

"ஏலே, அலை எங்கடா போச்சு?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

"அலை இல்லண்ணே. சும்மா சொன்னேன்."

"எங்க கஞ்சியக் குடிச்சிட்டு சும்மா சொன்னியாக்கும்? வேலப்பனாவது முழங்கா தண்ணியில சாகுறதாவது!"

திருமலைச்சாமி துண்டை உதறினான். "எந்தம்பி செத்தாத்தான இவ அவங்கூடப் போக முடியும்? பொன்னுச்சாமி என்னத்தக் குடுத்தான்னு இவனக் கேளுங்க."

"அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாருங்க. நாந்தேன் மறைச்சிட்டேன்," என்றாள் இருளாயி.

"பெறகு ஏன் ஆத்தா தாலியக் கழத்தல?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் சேனாதிபதி.

"கழத்திட்டு எங்க போயி இருப்பேங்கய்யா?"

சேனாதிபதி எழுந்தார். "கடலத் தாண்டுனவனுக்கு ஊருக்கு வரத் தெரியாதா? வந்து அவனே தீத்து விடட்டும். வெரசாக் கலைங்கப்பா, சோலி கெடக்கு."

பொன்னுச்சாமி அவள் பக்கம் பார்க்காமலே இறக்கத்தில் இறங்கிப் போனான்.

அதன்பிறகு கொட்டகையில் நாச்சிமுத்துவுக்கு யாரும் ஒரு வாய் கஞ்சி ஊற்றவில்லை. பசியைப் பொறுத்துப் பார்த்தான். ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு இவ அழுகுறதப் பாத்துச் செத்தான்னு பொய் சொல்லிப்புட்டேன்" என்று ஆரம்பித்தான். இருளாயி உள்ளே பூண்டுத்தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தடவைக் கதையில் வேலப்பன் ஒரு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாகிவிட்டான்.

"கேட்டியா இருளாயி, ஒம் புருசன் கங்காணியாம்ல!" பக்கத்திலிருந்தவள் அவள் விலாவில் இடித்தாள்.

"ம்," என்றாள் இருளாயி.

திருமலைச்சாமி அடுத்த கூடையை அவள் முன்னால் கவிழ்த்தான்.